மருதாணி காய்வதற்குள்

என் அக்காவின் வாயைப் பொத்திவிட்டார்கள், ஆன்ட்டி. பட்டப்பகலில், எங்கள் வீட்டு ஹாலில், ஃபேனை வேகமாக வைத்துவிட்டு, எல்லோரும் சிரித்துக்கொண்டே பொத்தினார்கள். துணியை வைத்து இல்லை, கையை வைத்தும் இல்லை. மருதாணியை வைத்து!

மருதாணியால் எப்படி வாயைப் பொத்துவது என்றுதானே பார்க்கிறீர்கள்? முடியும். என் அக்காவுக்குக் காது கேட்காது. அவள் கையால் பேசுகிறவள். பத்து விரலுக்கும் மருதாணித் தொப்பி போட்டு, உள்ளங்கை நிறைய அப்பி, மேலே பாலித்தீன் பையைக் கட்டி மடியில் வைத்துவிட்டால் அவள் என்ன பேசுவாள்? அந்த நேரமாகப் பார்த்து அவள் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுத்தார்கள். இது அநியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

உச்சுக் கொட்டாதீர்கள், ப்ளீஸ். "பாவம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பாவமெல்லாம் இல்லை. என்னைவிட நல்ல சம்பளம்... சரி, எனக்குச் சம்பளமே இல்லை, அது வேறு விஷயம்.

பாவூர்சத்திரத்தில் நான் ஏறியதிலிருந்து என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள், எனக்குத் தெரியும். யாரும் அறையவில்லை. நான்கு விரலும் கட்டைவிரலும் பதிந்திருக்கிறதே, அதுவும் மருதாணிதான். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்தக் கதைக்கும் வருகிறேன்.

முதலில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரிக்கொத்து, எங்கள் வீட்டில் செய்தது. பேரில்தான் முந்திரி, உள்ளே முழுக்கப் பாசிப்பயறும் கருப்பட்டியும். இதுவும் ஒரு மோசடிதான், ஆனால் ருசியான மோசடி. கடிக்காதீர்கள், உதிரும். அப்படியே முழுசாக வாயில் போடுங்கள். ஆங், அப்படித்தான். அப்புறம் ஆன்ட்டி, அந்த ஜன்னல் ஓரத்தை எனக்குத் தருகிறீர்களா? காற்று வராவிட்டால் எனக்குத் தலை சுற்றும். கொஞ்சம் நகர்ந்தால் போதும். நன்றி, நன்றி. நீங்கள் பேச வேண்டாம், தலையாட்டினால் போதும்.

நான் கோமதி. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் எம்.ஏ. பட்டிமன்றத்தில் என்னை எந்த அணியில் போட்டாலும் பேசுவேன். எதிரணியில் ஆள் வராவிட்டால் அதையும் நானே பேசியிருக்கிறேன். அக்கா பேர் உலகம்மாள். நாங்கள் உலகு என்போம். தென்காசியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறாள். யார் உண்மையாகச் சிரிக்கிறார்கள், யார் போட்டோகிராஃபருக்காகச் சிரிக்கிறார்கள் என்று திரையில் ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடுவாள்.

அவளுடைய பேச்சு சிறு வயதிலிருந்தே நான்தான். கடைக்காரர், டாக்டர், கல்யாண வீட்டில் கேள்வி கேட்கிற பெரியம்மாக்கள், எல்லோருக்கும் அவள் சார்பில் பதில் சொன்னது நான். எனக்கு ஒரே சமயத்தில் கையிலும் வாயிலும் பேச்சு வந்ததாம், அம்மா சொல்லுவாள். அப்புறம் நிற்கவே இல்லை என்பார் அப்பா. இதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அக்காவின் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கையாலேயே ஒரு பேர் வைப்பார்கள். காது கேட்கிறவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வைக்க மாட்டார்கள், மனசுக்குப் பிடித்தால்தான். எனக்கு வைத்திருக்கிறார்கள். இதோ பாருங்கள், வாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் நான்கு விரலும் கட்டைவிரலும் படபடபடவென்று மூடித் திறக்க வேண்டும். பேச்சாளர் என்று அர்த்தம். நான் கல்லூரியில் கோப்பை வாங்கிய வருஷம் வைத்தது. அதைச் செய்யும்போதெல்லாம் அவர்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு, அவ்வளவு பாசம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை பேர் குற்றாலலிங்கம். காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும், கேட்டதற்குப் பதில்தான் வராது. நாம் நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்கு "ம்" என்பார். எங்கள் அக்காவைப் போய் எல்லோரும் அமைதி என்கிறார்கள்! அவளும் அவள் தோழிகளும் சேர்ந்தால் ஜூஸ் கடையில் டம்ளரெல்லாம் பறக்கும். அமைதி என்றால் அது குற்றாலலிங்கம் சார்தான். அவருக்குப் பிள்ளைகள் வைத்த கைப்பேர், மூக்கு நுனியில் ஒரு விரலால் தேய்ப்பது. எப்போதும் அங்கே சாக்பீஸ் பொடி ஒட்டியிருக்குமாம்.

அவர் வேலையில் சேர்ந்தபோது ஒரு சைகையும் தெரியாதாம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அதன் விளைவு என்ன? சாரின் கை இன்றைக்கும் மூன்றாம் வகுப்பில்தான் பேசுகிறது! பள்ளி ஆண்டுவிழா ஆல்பம் செய்யக் கொடுக்க அக்காவின் ஸ்டூடியோவுக்கு வந்த முதல் நாள் நான் அங்கே இருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்ல வேண்டும். மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "வெள்ளிக்கிழமை தரலைன்னா உன்கூட காய்!" நல்ல மீசை வைத்த ஆள், பேண்ட்டுக்குள் சட்டையை விட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விரலை நீட்டிக் காய் விடுகிறார். அக்கா சிரித்த சிரிப்பில் மவுஸ் கீழே விழுந்தது. வியாழக்கிழமையே ஆல்பத்தை முடித்துவிட்டு, அவர் வந்ததும் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். பழம்.

அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் எதற்கெடுத்தாலும் ஆல்பம்தான். விளையாட்டு விழாவுக்கு ஆல்பம், மரம் நட்டதற்கு ஆல்பம். ஒருநாள் சத்துணவுக் கூடத்துக்கு வெள்ளையடித்ததற்கு ஒரு ஆல்பம் போடப் படம் கொண்டுவந்தார். வெறும் சுவர், ஆன்ட்டி! பக்கம் பக்கமாகச் சுவர்.

நான் விவரமானவள், புரிந்துகொண்டேன். அக்காவைத் தனியாக விடக் கூடாதில்லையா? சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்பத் குடிக்கப் போவார்கள். நான் திருநெல்வேலியிலிருந்து பஸ் பிடித்துப் போய் நடுவில் உட்கார்ந்துகொள்வேன், மொழிபெயர்க்க. அவருக்குச் சைகை தெரியும்தான், நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனால் மூன்றாம் வகுப்புச் சைகையை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? அவர்கள் என் தலைக்கு மேலே கையைத் தூக்கித் தூக்கிப் பேசுவார்கள். முழங்கை இடித்து என் கண்ணாடி எத்தனை தடவை வளைந்தது தெரியுமா? யாராவது ஒரு நன்றி சொல்ல வேண்டுமே!

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில்தான் அவர் கேட்டார். கல்யாணம் செய்துகொள்கிறாயா என்பதற்கு மூன்றாம் வகுப்பில் ஏது வார்த்தை? பிள்ளைகள் பெஞ்சில் இடம் பிடிப்பார்களே, அந்தப் பேச்சுதான் அவருக்குத் தெரியும். சர்பத் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளங்கையால் பெஞ்சைத் தட்டி, அவளைக் காட்டி, தன்னைக் காட்டிக் கேட்டார்: "நாளைக்கும் என் பக்கத்துல உக்காருவியா? அதுக்கு அடுத்த நாளும்? பரீட்சை முடிஞ்ச பொறவும்?"

இது ஒரு கேட்கிற முறையா? சமத்துவம், பொருளாதாரச் சுதந்திரம், வீட்டு வேலையில் பங்கு, எதைப் பற்றியாவது ஒரு வார்த்தை? பெஞ்சாம்!

அக்கா சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் அவரைப் பார்த்தாள். அப்புறம் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுற்றி, கையை முன்னால் நகர்த்தினாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். அது அவள் கை சொன்னது. முகம் என்ன சொன்னது? முகம் பூவாக இருந்தது. நான் அவளுடன் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள், எனக்குத் தெரியாதா? "சரிங்கிறா சார்" என்றேன்.

"இல்லையே, யோசிக்கணும்னுதான சொன்னாங்க?" என்றார்.

"நீங்க மூணாங்கிளாஸ் சார். நான் அவ தங்கச்சி" என்றேன்.

அவர் "ம்" என்றார்.

வீட்டிலும் நான்தான் சொன்னேன். அப்பாவுக்கு எலெக்ட்ரிகல் கடை. எந்தப் பெரிய விஷயத்தைச் சொன்னாலும் அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பார். பார்த்தார், சரி என்றார். அம்மா அழுதாள், சந்தோஷத்தில்தான். அக்காவைக் கேட்டார்களா என்றா? ஆன்ட்டி, வாயில் இருப்பதை முழுங்கிவிட்டுப் பேசுங்கள், புரை ஏறப்போகிறது. அக்காவைக் கேட்க என்ன இருக்கிறது? அவள் சிரித்தாள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த அன்றைக்குக்கூட ஸ்டூடியோ வாசலில் நின்று அவரிடம், "எல்லாரும் அவங்க அவங்க சொல்லி முடிக்கட்டும். கடைசில நான் சொல்லுதேன்" என்றாள். நானே பார்த்தேன். ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவர் மட்டும் அன்றைக்கு ஏன் அப்படித் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நிச்சயதார்த்தம் நாளைக்குத்தான். ஆமாம், நாளைக்கு! நடக்குமா நடக்காதா என்றுதானே கேட்க வருகிறீர்கள்? இன்னொரு முந்திரிக்கொத்து எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

நேற்று மதியம். அக்காவுக்கு மருதாணி. கூம்பில் வருகிற கடை மருதாணி எல்லாம் எங்கள் வீட்டில் ஆகாது. இலை பறித்து, கொட்டைப்பாக்கும் எலுமிச்சம்பழமும் சேர்த்து அரைத்தது. அரைத்தது நான்தான். அப்பியதும் நான்தான். உதிராமல் இருக்கட்டும், நன்றாகச் சிவக்கட்டும் என்று பாலித்தீன் பையைக் கட்டியதும்... நானாகவே இருக்கலாம், அதுவா இப்போது முக்கியம்? நான் கட்டியது சிவக்கத்தான். பேச விடாமல் ஆக்கியது அவர்கள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. பேர் வேலம்மாள். தனி ஆளாக மகனை வளர்த்தவர்கள். மரியாதையான பொம்பளை, அதை நான் மறுக்கவில்லை. எனக்கு எதிராளியின் நியாயத்தையும் சொல்லத் தெரியும். "சும்மா ஒரு வார்த்தை பேசிட்டுப் போவோம்னு வந்தோம்" என்றார்கள். ஒரு வார்த்தை பேச வருகிறவர்கள் ஒரு வார்த்தையோடு போனதாகச் சரித்திரம் உண்டா?

அக்கா நாற்காலியில், மடியில் பழைய துண்டு, துண்டின் மேல் பொட்டலம் கட்டிய இரண்டு கை. அம்மா தட்டு நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்து வைத்தாள்.

வேலம்மாள் அம்மா அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எங்கள் அம்மா பக்கம் திரும்பிச் சொன்னார்கள்: "மதினி, தப்பா நினைக்கக் கூடாது. நிச்சயத்தன்னைக்கும் சரி, கல்யாணத்தன்னைக்கும் சரி, மேடையில இருக்கிற நேரம் மட்டும் புள்ள கைய ஆட்டாம இருந்தா நல்லா இருக்கும். வீடியோ எடுப்பாங்கள்லா. எங்க ஆளுககிட்ட நான் இன்னும் விவரம் சொல்லல. பொண்ணு ரொம்ப அமைதின்னு சொல்லி வச்சிருக்கேன்."

கேட்டீர்களா? ரொம்ப அமைதி!

"அவ கூட்டுக்காரிகளும் முன் வரிசையில உக்காந்து கையக் கைய ஆட்டினா எல்லாவனும் அங்கதான பாப்பான்? அவுகளைச் சாயங்காலம் தனியாக் கூப்பிட்டு விருந்து போட்டுருவோம். ஊரு வாய்க்குப் பயந்துதான் சொல்லுதேன். எனக்கு என் மருமக மேல ஒரு குறையும் இல்ல."

எங்கள் அம்மா என்ன சொல்வாள் என்று நினைக்கிறீர்கள்? "அதுக்கென்ன மதினி, ஒரு நா தான? இருந்துக்கிடுவா" என்றாள். பெண்ணைப் பெற்றவள் என்றால் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேச வேண்டுமா? அப்பா ஃபேனைப் பார்த்தார்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். உதட்டசைவை வைத்து என்ன பேசுகிறார்கள் என்று முக்கால்வாசி புரிந்திருக்கும். என்னைப் பார்த்து மடியிலிருந்த பொட்டலக் கையை லேசாகத் தூக்கினாள். என்ன என்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் சைகை செய்து விளக்கிக்கொண்டிருக்கும் நேரமா அது? நான் எழுந்துவிட்டேன்.

ஆன்ட்டி, சும்மா சொல்லக் கூடாது, நான் பேசிய பேச்சுகளில் அது ஒரு நல்ல பேச்சு. மாற்றுத்திறனாளி உரிமையில் தொடங்கினேன். மொழி என்பது மானம் என்றேன். "நிச்சயத்தன்னைக்கு உங்க மகன் மேடையில வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு உக்காருவாரா?" என்றேன். வேலம்மாள் அம்மா, "ஏ புள்ள, நான் ஒண்ணும் கெட்டதா சொல்லலியே" என்று கண்ணைத் துடைத்தார்கள். கண்ணீர் ஒரு வாதம் ஆகாது என்றேன். அம்மா, "ஏட்டி, வாய மூடு" என்றாள். பார்த்தீர்களா, இந்த வீட்டில் யார் பேசினாலும் மூடச் சொல்வதுதான்!

இவ்வளவு நடக்கிறதே, குற்றாலலிங்கம் சார் என்ன செய்தார் தெரியுமா? எனக்கு அதுதான் ஆறவே இல்லை. எழுந்து நின்று தாயைக் கண்டித்தாரா? இல்லை. எனக்குத் துணையாக ஒரு வரி? இல்லை. அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாலித்தீன் பையையே!

"அதை அவுத்து விடுங்க" என்றார்.

ஒரு உரிமைப் பிரச்சினை கொழுந்துவிட்டு எரிகிறது, இவர் மருதாணியைப் பற்றிப் பேசுகிறார். "சார், இன்னும் காயலை. நான் பேசிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"உலகு சொல்லட்டும். கைய அவுத்து விடுங்க."

"உலகுக்காகத்தான் சொல்லுதேன்!"

"சரி. கைய அவுத்து விடுங்க."

கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் முடிவாகச் சொல்லிவிட்டேன்: "இந்தக் கல்யாணம் வேண்டாம். எங்க அக்காவுக்கு வேண்டாம். நீங்க போகலாம்."

வேலம்மாள் அம்மா நெஞ்சில் கை வைத்தார்கள். அப்பா முதல்முறையாக ஃபேனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் சரசரவென்று சத்தம். திரும்பினால் அக்கா! பல்லால் இரண்டு பையையும் கிழித்துக்கொண்டிருக்கிறாள். பாலித்தீனைத் துப்பிவிட்டு, வலது கையைத் துண்டில் போட்டுத் துடைத்தாள். அரைத்த மருதாணி, ஆசை ஆசையாக நான் வைத்தது, துண்டெல்லாம் பச்சையாக உதிர்கிறது. அம்மா "ஐயோ, சிவக்காதே" என்கிறாள். அக்கா அதை எங்கே கேட்டாள்?

நேராக என்னிடம்தான் வந்தாள். கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று நினைத்தேன். தங்கச்சி போராடியிருக்கிறாள் இல்லையா? தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்தாள். துடைக்காத இடது கையால் என் தாடையைப் பிடித்தாள். இந்தா, இந்தத் தடம்தான். வலது கையால் முழு உருண்டையையும் என் வாய்க்குள் வைத்து, தாடையை மூடிவிட்டாள்.

உங்களுக்குத்தான் இப்போது தெரியுமே, அது வாயில் இருந்தால் பேச முடியாது. பயற்று மாவு மேல் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பேச வாயைத் திறந்தால் மாவு பறக்கும்.

அடுத்தது அம்மா. அப்பா தானாகவே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அப்புறம் வேலம்மாள் அம்மா முன்னால் போய் நின்று, ரொம்ப மரியாதையாக, மாமியாருக்கு மருமகள் முதல் இனிப்பு கொடுப்பதுபோல் கொடுத்தாள். அந்த அம்மாவும் பதறிப்போய் வாயைத் திறந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கன்னத்தில் தடம் இல்லை; மோவாயில் ஒரு பச்சைப் பொட்டு மட்டும்.

குற்றாலலிங்கம் சாருக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவரைக் காட்டி, தன் கையைக் காட்டி, எங்கள் காதுகளைக் காட்டினாள். நான் பேசுகிறேன், நீ இவர்களுக்குச் சொல்லு. நான் அங்கே நிற்கிறேன், ஆன்ட்டி! கல்லு மாதிரி நிற்கிறேன்! பிறந்ததிலிருந்து அவள் வாயாக இருந்தவள் நான், மூன்றாம் வகுப்புக்காரரைப் போய் மொழிபெயர்க்கச் சொல்கிறாள்.

ஆனால் பேசினாள். திட்டுத் திட்டாகச் சிவந்த கையோடு, இடது கையிலிருந்து மருதாணி உதிர உதிரப் பேசினாள். அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எனக்கு அது ஒரு பாணியாகவே தெரியவில்லை, உணர்ச்சியே கிடையாது.

"என் கையக் கட்டி வச்சுக்கிட்டு நீங்க எல்லாரும் பேசினீங்க. இப்ப உங்க வாய் கட்டியிருக்கு. நான் பேசி முடிக்கிற வரைக்கும் மென்னுக்கிட்டு இருங்க."

அம்மா பக்கம் திரும்பினாள். "இருந்துக்கிடுவான்னு சொன்ன மாதிரி தெரிஞ்சுது. இருந்துக்கிட மாட்டேன்."

அப்புறம் என்னிடம். இதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இருந்தாலும் கதை என்றால் முழுசாகச் சொல்ல வேண்டும் இல்லையா? "அன்னைக்கு நீ சொன்ன 'சரி' என்னோடது இல்ல. இன்னைக்கு நீ சொன்ன 'வேண்டாம்' என்னோடது இல்ல. ரெண்டையும் நீயே வச்சுக்கோ." நன்றியா இது? யாருக்காகச் சண்டை போட்டேன்? இப்போது யாருக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்று கேட்கிறேன்! வாயில் மாவு இருந்ததால் மறுத்துப் பேச முடியவில்லை. இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே என்னிடம் மூன்று பதில் இருந்தது.

கடைசியாக வேலம்மாள் அம்மா. அவர்கள் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள், முகம் நேருக்கு நேர் தெரிகிற மாதிரி. "மேடையில நீங்க வாயத் தொறக்காம இருந்தா நானும் கைய ஆட்டாம இருக்கேன். என் கூட்டுக்காரிக முன் வரிசையிலதான் இருப்பாங்க. அவங்களுக்கு அங்க இருந்தாத்தான் நான் பேசுறது கேக்கும். அது முடியாதுன்னா, மேடை வேண்டாம்."

வேலம்மாள் அம்மா மென்றார்கள். மென்றுகொண்டே அவளைப் பார்த்தார்கள். நான் அவர்கள் எழுந்து போகப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். குற்றாலலிங்கம் சாரின் நெற்றியெல்லாம் வேர்வை. அந்த அம்மா கஷ்டப்பட்டு முழுங்கிவிட்டு, மாவு பறக்க, என்னிடம் இல்லை, மகனிடம் இல்லை, நேராக அவளிடமே கேட்டார்கள்: "அப்போ எங்க ஆளுககிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

மகன் கையால் சொன்னார். அக்காவின் கை பட்டென்று பதில் சொன்னது. சார் அதைச் சொல்வதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டார்.

"பொண்ணு ரொம்பப் பேசுவான்னு சொல்லுங்க."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் புரை ஏறி, எங்கள் அம்மா தண்ணீருக்கு ஓடி, அப்பா தலையில் தட்டி, ஒரே களேபரம். மூச்சு வந்ததும், "ஆமா, சொல்லத்தான் வேணும். இந்தக் கைய எப்படி ஒளிக்க?" என்றார்கள். அதோடு, "கோமதி புள்ளைய மட்டும் எங்கயாவது பின் வரிசையில உக்கார வைங்க" என்றார்கள். கேட்டீர்களா? மேடைக்கு மொழிபெயர்ப்பு அக்காவின் காது கேட்கிற தோழி ஒருத்தியும் சாருமாம். எனக்கு வேலையே கிடையாதாம், உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டுமாம். இதோ, தையல்காரரிடம் அக்காவின் ஜாக்கெட்டை வாங்கத்தான் ஜங்ஷனுக்குப் போகிறேன். நியாயம் கேட்டவளுக்குக் கிடைத்த பதவி அதுதான்.

இறங்கப் போகிறீர்களா? பேட்டை வந்துவிட்டதா? ஒரு நிமிஷம் இருங்கள், முக்கியமானதைச் சொல்லவே இல்லை. கண்டக்டர் அண்ணே, கொஞ்சம் பொறுங்க!

எல்லோரும் தண்ணீர் குடித்து முடித்த பிறகு அக்கா சார் முன்னால் போய் நின்றாள். பக்கத்து நாற்காலியை உள்ளங்கையால் தட்டினாள். தன்னைக் காட்டினாள், அவரைக் காட்டினாள். அப்புறம் அவருக்குத் தெரிந்த அதே மூன்றாம் வகுப்புக் கையில், மெதுவாக, ஒரு பதில் சொன்னாள். அவர் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"என்னல சொல்லுதா? என்ன சொல்லுதா?" என்று வேலம்மாள் அம்மா அவரை உலுக்கினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள், சொல்லு என்று தலையசைத்தாள். நான் மிச்ச மாவை முழுங்கினேன். அவள் சொன்னதை மட்டும், அப்படியே சொன்னேன்:

"உக்காருவேன். நாளைக்கும், அதுக்கு அடுத்த நாளும், பரீட்சை முடிஞ்ச பொறவும். ஆனா ஜன்னல் ஓரம் எனக்கு."